பென்சிலில் எடுத்த எஞ்சின் நம்பர்

உத்திராபதி இதுவரை சரிபார்த்த அமெரிக்கக் கார்கள் ஆயிரத்து நானூற்றுப் பதினேழு. தொட்டது ஒன்றுகூட இல்லை. நேரில் பார்த்ததும் இல்லை. எல்லாம் படங்கள். அதிலும் முழுக் கார் தெரியும் படத்தை அவர் பெரும்பாலும் திறப்பதே கிடையாது. அவருக்கு வேண்டியது டாஷ்போர்டுக்கு அடியில் ரிவெட் அடித்திருக்கும் ஒரு தகடு, எஞ்சினின் நெற்றியில் குத்தியிருக்கும் ஒரு நம்பர், கண்ணாடியின் மூலையில் பொடியாக இருக்கும் இரண்டு எழுத்து. அதை வைத்துக்கொண்டு அந்தக் கார் எந்த மாதம் பிறந்தது, என்ன நிறத்தில் பிறந்தது, இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பது கூடப் பிறந்த எஞ்சின்தானா, இல்லை நடுவில் வந்து ஒட்டிக்கொண்டதா என்று சொல்லிவிடுவார்.

வயது நாற்பத்தொன்பது. கடலூர் திருப்பாப்புலியூரில், மிக்ஸி கிரைண்டர் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. மனைவி மாலதி விருத்தாசலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஓர் ஆடிக்குப் போனவர் ஆவணியில் வரவில்லை. அடுத்த ஆவணியிலும் வரவில்லை. நடுவில் இவரும் கூப்பிடப் போகவில்லை. பிள்ளைகள் கிடையாது. அறையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், துணி காயும் ஒரு கயிறு. கீழே யாராவது மிக்ஸியை ஓட்டிப் பார்த்தால் மேலே தண்ணீர் டம்ளர் நடுங்கும்.

முன்பு அவர் வேலை வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில். எஃப்.சி.க்கு வரும் லாரி, கடன் முடிந்து பெயர் மாற்ற வரும் பைக், எதுவாக இருந்தாலும் சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பிரிண்ட் எடுத்து விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும். நம்பர் குத்தியிருக்கும் இடத்தைத் துடைத்து, பென்சிலால் தேய்த்து, மேலே செலோடேப்பை ஒட்டி உரித்தால் நம்பர் அப்படியே டேப்பில் வந்துவிடும். சொல்ல எளிது. எண்ணெய்ப் பிசுக்கிலும் துருவிலும் அதை முழுசாக எடுக்க ஒரு கை வேண்டும். உத்திராபதிக்கு அந்தக் கை இருந்தது. நம்பரை மாற்றிக் குத்திய வண்டி என்றால் டேப்பை உரிக்கும்போதே தெரிந்துவிடும். பிறகு எல்லாம் ஆன்லைன் ஆனது, வாசலில் கூட்டம் கரைந்தது. பழைய சிநேகிதரின் மகள் இலக்கியா, புதுச்சேரியில் ஒரு சிறு அலுவலகத்தில் டீம் லீடர். அமெரிக்காவில் பழைய கார்களை ஏலம் விடும் ஒரு நிறுவனத்துக்குச் சரிபார்ப்பு வேலை செய்துகொடுக்கும் அலுவலகம் அது. "மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச வேலதான். என்ன, இரும்புக்குப் பதிலா ஸ்கிரீன்" என்று சொல்லி இவரைச் சேர்த்துவிட்டாள்.

வேலை மாலை நேரத்தில். விதிகள் மூன்று. காரின் சொந்தக்காரர் நிறுவனத்தின் செயலி வழியாக இவரை அழைக்கலாம், இவர் அவரை அழைக்க முடியாது. அறிக்கையைப் பதிவு செய்ததும் அந்தத் தொடர்பு தானாக அணைந்துவிடும். நம்பர் கேட்கக்கூடாது, கொடுக்கக்கூடாது. சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் அழைப்பதும் இல்லை. படங்களை ஏற்றிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பார்கள். ஆகவே ஆயிரத்துச் சொச்சம் கார் பார்த்தும், அந்த வேலையில் உத்திராபதி வாய் திறந்து பேசியது மிகக் குறைவு.

ஆகஸ்டில் ஒரு மாலை, ஐந்தரை மணி வாக்கில், லேப்டாப்பில் மணி அடித்தது. அங்கே அப்போது காலை. உத்திராபதி தன் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, "யெஸ் மேடம், டெல் மீ மேடம்" வரைக்கும் ஒழுங்காகப் போனார். ஒரு வயதான பெண்குரல் தன் காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தது. "ஓகேங்க மேடம்" என்று இவர் வாயிலிருந்து நழுவியதும் குரல் நின்றது.

"எந்த ஊரு?" என்றது, தமிழில்.

"கடலூருங்க."

"கடலூர்ல எங்க?"

"திருப்பாப்புலியூருங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. நீங்க?"

"சிதம்பரம். என்னா பெரிய அமெரிக்கா கம்பெனின்னு ராத்திரியெல்லாம் இங்கிலீசு ஒத்திகை பாத்தேன். கடைசில நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி உக்காந்துகிட்டு இருக்கே!"

ஞானாம்பாள், எழுபத்திரண்டு வயது. டெட்ராய்ட் பக்கம் ஓர் ஊரில் நாற்பது வருடத்துக்கும் மேலான வாசம். கணவர் ராஜமாணிக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இருந்தவர், போன பனிக்காலத்தில் இறந்துவிட்டார். அவர் விட்டுப் போனதில் ஒன்று, ஷெட்டில் போர்வை போர்த்தி நிற்கும் சிவப்பு நிறத் திறந்த கார். செவர்லே கார்வெட், 1967-ஆம் வருடத்தது.

"நானூத்தி இருபத்தேழு கியூபிக் இன்ச்சு, நானூத்தி முப்பத்தஞ்சு குதிர, மூணு கார்புரேட்டர். முப்பது வருசமா வீட்டுக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் வாய்ப்பாடு மாதிரி இத ஒப்பிப்பாரு. வந்தவன் காபி ஆறிடும். அவன் பொண்டாட்டி என்னப் பாத்துக் கொட்டாவி வுடுவா. இப்ப எனக்குத் தெரிஞ்சாவணும், அவரு சொன்னது நெசமா, இல்ல வித்தவன் இவரு தலையில கட்டிட்டானா?"

"பாத்துடலாம்மா."

"அம்மான்னு கூப்புடாத. ஊசி போடப் போற நர்சு மாதிரி இருக்கு. அக்கான்னு சொல்லு. நெசம்னா மவன் வச்சிக்கிறேங்குறான். இல்லன்னா வித்துட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன். வீடு வித்தாச்சு, மாசக் கடைசில காலி பண்ணணும். அதுக்குள்ள சொல்லிடு."

அந்த வருடத்து கார்வெட்டில் ஒரு சிக்கல். காரின் பிரதான நம்பர், திறந்த காரா மூடிய காரா என்று சொல்லும், எத்தனையாவது கார் என்று சொல்லும். எஞ்சின் எது என்று மட்டும் சொல்லாது. சின்ன எஞ்சினோடும் வந்தது, பெரிய எஞ்சினோடும் வந்தது, ஒவ்வொன்றிலும் பல ரகம். சின்ன எஞ்சின் காரில் பெரியதை இறக்கி, நம்பரையும் அதற்கேற்றபடி குத்தி, பெரிய இடத்துப் பிள்ளை என்று விற்பவர்கள் அங்கே அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆகவே தேட வேண்டும்.

முதலில் தகடு. டாஷ்போர்டின் சின்னப் பெட்டிக்கு அடியில் இருப்பது. ஞானாம்பாள் டார்ச்சும் கையுமாகக் குனிந்து படம் எடுத்து அனுப்பினார்.

"அக்கா, உங்க காரு செவப்பு இல்ல. மஞ்சள்."

"கண்ணு முன்னாடி நிக்கிது, செக்கச்செவேல்னு."

"பொறந்தப்ப மஞ்சள். தகட்டுல தொள்ளாயிரத்து எம்பத்து நாலுன்னு இருக்கு பாருங்க, அது மஞ்சளுக்கு உண்டான நம்பரு. சீட்டும் கறுப்பு ரெக்சின்தான். செவப்புத் தோலு பின்னாடி யாரோ தச்சது."

"என் தலையும்தான் இப்ப கறுப்பா இருக்கு. அது குத்தம்னா என்னயும் ஏலத்துலேர்ந்து எடுத்துடு."

உத்திராபதி சிரித்தார். கீழே கடைக்காரர் நிமிர்ந்து மாடியைப் பார்த்திருப்பார். அந்த அறையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்தது எஞ்சின் நம்பர். எஞ்சினின் முன்பக்கம், வலது ஓரமாக, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சமதளம் உண்டு. அதில்தான் காரின் நம்பரும், எஞ்சின் கூட்டிய தேதியும், ரகத்தைச் சொல்லும் இரண்டு எழுத்தும் இருக்கும். அனுப்பிய படங்களில் வெளிச்சம் பட்டு இரும்பு பளபளத்தது. எழுத்து தெரிந்தது, இரும்பு தெரியவில்லை.

"போட்டோ வேலைக்கு ஆவாதுக்கா. பென்சில் இருக்கா வீட்டுல?"

"ஐயய்ய, சேஸ் பிரிண்டா?" ஞானாம்பாளுக்கு உடனே புரிந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரு லாம்ப்ரெட்டா விக்கிறப்ப எடுத்தது. ரோட்டுல உக்காந்து ஒரு ஆளு தேய் தேய்னு தேய்ச்சான்."

"அதேதான். மொதல்ல துணியால தொடைங்க. அழுத்தாம தேயிங்க. டேப்ப ஒரு ஓரத்துலேர்ந்து உரிங்க, அவசரப்படாதீங்க."

அமெரிக்காவில் இந்த வழக்கம் கிடையாது. அங்கே இதற்கென்று விளக்கு, கண்ணாடி, கருவி எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் சிதம்பரத்துப் பெண் ஒருத்தி பென்சிலும் செலோடேப்பும் கொண்டு எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, அதைப் படம் பிடித்து அனுப்பியபோது உத்திராபதி லேப்டாப்புக்கு மிக அருகில் போனார். அருமையான பிரிண்ட். மூன்றாவது முயற்சியில் வந்தது என்று ஞானாம்பாள் பின்னால் சொன்னார்.

எழுத்துகள் சரியாக இருந்தன. ஜே, ஈ. நானூற்று முப்பத்தைந்து குதிரைக்கு உண்டானவை. ஆனால் எழுத்துகளுக்கு இடையில் இரும்பு பேசியது. தொழிற்சாலையில் அந்தத் தளத்தைச் செதுக்கும்போது முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகள் விழும். தலை வாரிய சீப்புக் கோடுகள் போல இருக்கும். இதில் அவை இல்லை. இருந்தது வட்ட வட்டமான சிராய்ப்பு, கையில் பிடிக்கும் கிரைண்டர் போட்டது. யாரோ பழைய நம்பரை அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். அது போதாதென்று எஞ்சினின் அடிப்பக்கப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். இரும்பை வார்த்த தேதி அங்கே இருந்தது. கார் உடம்பு கூட்டியது ஜனவரியில். எஞ்சின் இரும்பு உருகியது ஏப்ரலில். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளை பிறந்த கதை.

அரை மணி நேர வேலை. முடிவுக் கட்டத்தில் "எஞ்சின் இந்தக் காருடையது அல்ல" என்று தட்டச்சு செய்தும் விட்டார். பதிவு செய்யும் பொத்தானுக்கு மேல் விரல் போனபோது மணி அடித்தது.

"என்னா உத்திராபதி, நெசமா பொய்யா?"

அவர் திரையைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினால் நாளை மாலை ஐந்தரைக்கு அந்த மணி அடிக்காது.

"இன்னும் ஒரு நம்பரு பாக்கணும்க்கா. கார்புரேட்டர்ல இருக்கும். நாளைக்கி அனுப்புங்க."

எழுதியதை அழித்தார்.

மறுநாள் கார்புரேட்டர் வந்தது. அதற்கடுத்த நாள் டிஸ்ட்ரிபியூட்டர். பிறகு ஆல்டர்னேட்டர், கதவுக் கண்ணாடி எழுத்து, சீட் பெல்ட்டில் தைத்திருக்கும் துணிச் சீட்டு. எதற்கும் முடிவை மாற்றும் சக்தி இல்லை. ஞானாம்பாள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து அனுப்பினார். தேடும் நேரத்தில் பேச்சு ஓடியது.

"என்னா சாப்ட்ட?"

"தோசக்கா."

"நேத்தும் தோசதான் சொன்ன."

"அது வேற மாவு."

"இன்னிக்கி என்னத் தவுர யாருகிட்டயாவது பேசுனியா?"

உத்திராபதி யோசித்தார். "கீழ மிக்ஸிக் கடைக்காரரு மழ வருமான்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"வரலாம்னேன்."

"என்னா பெரிய பேச்சு! ஒடம்புக்கு ஆவாதுடா இவ்ளோ ஜாஸ்தியா பேசுனா."

ஞானாம்பாளுக்குத் தன் ஊரைப் பற்றிக் கண் கலங்கும் பழக்கமெல்லாம் இல்லை. சிதம்பரம் என்றால் அவருக்கு மேலவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தம்பி தேவநாதன். அப்பா இறந்தபோது விமானம் கிடைத்து வந்து சேருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. தம்பி வாசலிலேயே நிறுத்தி ஒரு வார்த்தை சொன்னான். அன்றோடு பேச்சு இல்லை. "அவன் கடையில கண்ணாடி போட்டுக்கிட்டவனுக்கெல்லாம் ஊரு தெரியிது. அவனுக்குத்தான் அக்கா தெரியல" என்று சொல்லிவிட்டு உடனே சீட் பெல்ட்டுக்குத் தாவினார்.

இலக்கியா புதுச்சேரியிலிருந்து பேசினாள். "மாமா, அந்த அறுபத்தேழ என்னா ஊறுகா போட்டுருக்கீங்களா? ஒரு வண்டிக்கி ரெண்டு நாளு. நீங்க ஜாடியில போட்டு வெயில்ல வச்சிட்டீங்க."

"கொஞ்சம் சந்தேகமா இருக்கும்மா."

"ஒங்களுக்கா?"

புதன்கிழமை மாலை ஞானாம்பாள் கேட்டார்: "வேற என்னா பாக்கி? பெட்டியெல்லாம் கட்டியாச்சு. மவன் தெனமும் கேக்குறான்."

பாக்கி ஒன்றும் இல்லை. உத்திராபதியின் வாய் வேறொன்று சொன்னது. "பின் சக்கரத்து அச்சுல ஒரு நம்பரு இருக்கும்க்கா. அதையும் பாத்துட்டா முடிஞ்சிடும்."

"எங்க இருக்கு?"

"அடியில. படுத்துதான் பாக்கணும். யாராவது பக்கத்து வூட்டு ஆளு இருந்தா..."

"எழுவத்திரெண்டு வயசுல என்ன மல்லாத்துறியே. யாரு இருக்கா? நானே பாத்துக்குறேன்."

அப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வியாழக்கிழமை மணி அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அடிக்கவில்லை. இருட்டும் வரை லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுத்த காருக்கான படங்கள் வந்து கிடந்தன, திறக்கவில்லை. ஷெட், சிமெண்டுத் தரை, ஜாக்கியில் நிற்கும் கார் என்று அவர் பார்த்தே இராத ஓர் இடம் மனதில் துல்லியமாக விரிந்தது. அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

இலக்கியாவை அழைத்தார். "அவுங்க நம்பரு எடுத்துக் குடு."

"மாமா, ரூல் தெரியுமில்ல? அமெரிக்காகாரன் என்னய வீட்டுக்கு அனுப்பிடுவான். ஒரு மெயில் வேணா போடுறேன். நடுவுல சனி ஞாயிறு, பதிலு வர திங்க ஆயிடும்."

சனிக்கிழமை விடுமுறை. காலையிலேயே கிளம்ப நினைத்து, அங்கே நள்ளிரவு என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தார். மூன்று மணிக்கு மேல் சிதம்பரம் பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முட்லூரில் பரங்கிப்பேட்டைக் குடும்பம் ஒன்று பெரிய பெரிய பெட்டிகளோடு இறங்கியது. துபாயிலிருந்து வந்தவரை அழைத்துப் போகிறார்கள் போலிருக்கிறது, ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்டக்டர், "எறங்கிட்டுப் பேசுங்கம்மா, பஸ்ஸு துபாய்க்குப் போவாது" என்று விசில் ஊதினார். உத்திராபதிக்குத் தான் எங்கே போகிறோம் என்பது தெரிந்தது. போய் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மேலவீதியில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தேவநாதன் கண்ணாடிக்குக் குட்டித் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பவானி கல்லாவில்.

"ஞானாம்பாள் அக்காவப் பத்திக் கேக்கணும். அவுங்க ரெண்டு நாளா ஃபோன் பண்ணல" என்றார் உத்திராபதி.

தேவநாதன் திருப்புளியைக் கீழே வைத்தார். பவானி முந்திக்கொண்டார்.

"யாரு நீங்க? அவுங்க எதுக்கு ஒங்களுக்கு ஃபோன் பண்ணணும்?"

"அவுங்க காரோட எஞ்சின் நம்பரு பாக்குறேங்க. கடலூர்ல இருந்து."

"காரு அமெரிக்காவுல, நம்பரு கடலூர்லயா? இந்தா பாருங்க, போன மாசம் இப்பிடித்தான் ஒருத்தன் கரண்டு பில்லுன்னு ஓ.டி.பி. கேட்டான். நீங்க நேர்லயே வந்துட்டீங்களா? மொபைல உள்ள வைய்யிங்க," என்று கணவரிடம் திரும்பினார்.

"இல்லிங்க, சத்தியமா..." உத்திராபதி தடுமாறினார். "எதச் சொன்னாலும் 'என்னா பெரிய'ன்னு ஆரம்பிப்பாங்க. தம்பி மூக்குக்கண்ணாடிக் கட வச்சிருக்காருன்னு சொன்னாங்க. காருக்கு அடியில பாக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

தேவநாதன் மனைவியைப் பார்த்தார். "அக்காதான்" என்றார் மெல்ல.

பவானி தன் கைபேசியை எடுத்தார். "என்ன அப்பிடிப் பாக்குறீங்க? அக்காவும் தம்பியும்தான் பேச மாட்டீங்க. பொறந்த நாளு, தீவாளி, பொங்கலுக்கு நான் பேசிக்கிட்டுதான் இருக்கேன்."

வீடியோ அழைப்பு வெகுநேரம் அடித்தது. எடுத்தபோது தலையணையில் சாய்ந்த ஒரு முகம். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு.

"பவானி, என்னா இந்நேரத்துல?" என்ற குரல் நின்றது. திரையில் பவானிக்குப் பின்னால் தேவநாதன் நின்றுகொண்டிருந்தார்.

"கை என்னா ஆச்சு?" என்றார் தேவநாதன்.

"ஊனி எழுந்தேன். ஒடிஞ்சிடுச்சி. பக்கத்து வூட்டு நாய் கொரைச்சி, அந்த வூட்டுக்காரி வந்து பாத்து, ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கிட்டுப் போனா. நேத்துதான் வந்தேன். கம்பெனி ஆப்பு போட்டிருந்த அந்தப் பழைய ஃபோனு இன்னும் காருக்கு அடியிலதான் கெடக்கு." சற்று நிறுத்தி, "நீ என்னாடா, நல்ல ஃபிரேம விட்டுட்டு இத மாட்டியிருக்க?" என்றார்.

"விக்காத ஃபிரேமு."

"அதான பாத்தேன்."

பவானி உத்திராபதியைத் திரைக்கு முன்னால் இழுத்தார். ஞானாம்பாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இருவரும் முகம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இதான் நீயா? கொரலுக்கு இன்னும் கொஞ்சம் சதை போட்டு வச்சிருந்தேன். என்னத் தேடியா அங்க போன?"

"ஆமாக்கா."

"செரி. இவ்ளோ தூரம் வந்துட்ட. சொல்லிடு. நெசமா பொய்யா?"

கடையின் நான்கு சுவரிலும் மூக்குக்கண்ணாடிகள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எஞ்சின் இந்தக் காரோடது இல்லக்கா. நம்பர அரைச்சிட்டுக் குத்தியிருக்காங்க. சாருக்குத் தெரிஞ்சிருக்காது. அவரு வாங்குறதுக்கு முன்னாடியே நடந்திருக்கும்."

ஞானாம்பாள் தலையை ஆட்டினார். அழவில்லை. முப்பது வருட வாய்ப்பாட்டை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கலாம். "பாவம் மனுசன்" என்றார். பிறகு, "எது காட்டிக் குடுத்துது? பின் அச்சா?"

"இல்லிங்க."

"பின்ன?"

"பென்சில் பிரிண்டு."

"அது மொத வாரத்துல அனுப்புனது."

"ஆமாக்கா."

"அப்ப கார்புரேட்டரு, சீட் பெல்ட்டு, இந்தக் கை எல்லாம் எதுக்கு?"

பவானி இவர் முகத்தைப் பார்த்தார். தேவநாதன் மேஜையைப் பார்த்தார்.

"சும்மாதாங்க" என்றார் உத்திராபதி.

ஞானாம்பாளுக்குப் புரிந்துவிட்டது என்பது புருவத்தில் தெரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

"கேட்டிருந்தா சும்மாவே பேசியிருப்பேனேடா," என்றார் ஞானாம்பாள். "எழுதிக் குடுத்துடு. வித்துட்டு நான் பாட்டுக்குப் போறேன்." பிறகு முகத்தைத் திருப்பி, "தேவா, ஃபோன உள்ள எடுத்துக்கிட்டுப் போ. ஒன் வூட்டக் காட்டு."

தேவநாதன் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த படியில் ஏறினார். "பாத்துப் போடா, கண்ணாடிக்காரன் தடுக்கி வுழுந்தா யாவாரம் போயிடும்" என்ற குரல் மேலே மேலே போய் மங்கியது. சற்று நேரத்தில் மாடியில் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பவானி டீ கொண்டுவந்து வைத்தார். "சக்கர போதுமா?"

"போதுங்க."

"சாப்ட்டுப் போங்களேன்."

"பஸ் இருக்குங்க."

"அவுங்க நம்பரு வேணா குறிச்சிக்கிறீங்களா?"

உத்திராபதி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். மாடியில் இன்னும் பேச்சு ஓயவில்லை. "கம்பெனி ரூலுங்க" என்றார். டீ கொதித்தது. அப்படியே குடித்துவிட்டு எழுந்தார்.

கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். அறைக்கு வந்து விளக்கைப் போட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தார். பிறந்த நிறம் மஞ்சள், இப்போது சிவப்பு. பிறந்த உட்புறம் கறுப்பு ரெக்சின், இப்போது சிவப்புத் தோல். எஞ்சின், கார் செய்த பிறகு வார்த்தது. நம்பர் தளம் அரைத்துக் குத்தியது. பின் அச்சு, பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினார். ஞானாம்பாளின் பெயர் இருந்த சதுரம் சாம்பல் நிறமானது.

ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசவில்லை. கடை விடுமுறை, கீழேயும் ஆள் இல்லை.

திங்கட்கிழமை இலக்கியா அடுத்த காரை ஒதுக்கினாள். 1969-ஆம் வருடத்து கமாரோ, பச்சை நிறம். சொந்தக்காரர் தொலைபேசியில் பேச விரும்பவில்லை. இருபத்தாறு படங்கள் அனுப்பியிருக்கிறார், முடிவைப் புதன்கிழமைக்குள் மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும்.